படத்தில் இருந்த கன்னம்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை திருமுல்லைவாயில் வீரராகவன் வீட்டுக்கு முதலில் வந்து இறங்கியவை நாற்காலிகள். சம்பந்தி வீட்டார் பிறகுதான் வந்தார்கள்.

நாற்காலிகளின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'பொதுநல மன்றம்' என்று எழுதியிருந்தது. மன்றத்தின் சொத்து அந்த நாற்காலிகளும், ஒரு பெஞ்சும், தினமும் மதியத்துக்கு மேல் வரும் ஒரு செய்தித்தாளும், ஒரு தலைவரும். தலைவர் வீரராகவன். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது கைக்கு வந்த பணத்தில் அவர் வாங்கிய முதல் பொருள் ஒரு ஜரிகைத் துண்டு. அது தோளில் ஏறிய நாளிலிருந்து அவருக்குச் சாதாரணப் பேச்சு மறந்துபோயிற்று. குளிக்க வெந்நீர் வேண்டுமென்றாலும், "தாய்மார்கள் கவனிக்க வேண்டும்" என்றுதான் தொடங்குவார். வீட்டில் தாய்மார்கள் என்று இருந்தது அவர் மனைவி எல்லம்மா ஒருத்திதான்.

அவர்களுடைய ஒரே மகள் நாகவல்லி, கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் பாரிவாக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், "ஓய்வுக்காக வந்திருக்கிறாள்" என்று தலைவர் அறிக்கை விட்டார். ஓய்வு இல்லை. விரட்டியிருந்தார்கள்.

"நாங்க பாத்த பொண்ணு வேற, நீங்க அனுப்பின பொண்ணு வேற" என்பது புகுந்த வீட்டாரின் குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை.

நாகவல்லிக்குப் பதினாறு வயதிலிருந்து காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாத ஏதோ பூச்சி கடிப்பதாகப் பேர். உடம்பில் எங்கேயாவது தடிக்கும், அரிக்கும், போய்விடும். அதைப் புடவை மறைத்துக்கொள்ளும். ஆனால் சில நாள் அது தடிப்போடு நிற்காது. தோலுக்கு அடியில் போய் வீங்கும். உதடு, இமை, கன்னம், உள்ளங்கால் என்று அதற்கு இஷ்டப்பட்ட இடம். பாதம் வீங்கினால் செருப்பு ஏறாது, விரல் வீங்கினால் மோதிரம் இறங்காது. ஒரு பகலும் ஒரு இரவும் இருந்துவிட்டு, வந்த சுவடே இல்லாமல் வடிந்துவிடும். ஆவடி டாக்டரிடம் போனால், "எங்கம்மா வீக்கம்? இருக்கும்போது வா" என்பார். இருக்கும்போது எப்படிப் போவது? அந்த முகத்தோடு ரயிலில் உட்கார்ந்தால் எதிர் பெஞ்சு காலியாகும்.

அவளைப் பெண் பார்க்க வந்த நாளில் இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லம்மா கெஞ்சினாள். தலைவர் குறித்த தேதி தலைவர் குறித்ததுதான் என்றார் வீரராகவன். ஆவடி ஸ்டுடியோவிலிருந்து போட்டோக்காரரையும் வரவழைத்திருந்தார். எல்லம்மா பவுடரை அள்ளிப் பூசி மகளைக் கூடத்துக்கு அனுப்பினாள்.

மாப்பிள்ளையின் தாய் வேம்புலியம்மாள் அந்தக் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். "நெய்யும் தயிருமா வளந்த ஒடம்பு. மூஞ்சியப் பாத்தாலே ஊடு நெறஞ்சாப்ல கீது" என்றாள்.

வீரராகவன் மறுக்கவில்லை. "எங்கள் இல்லத்தில் பசும்பாலுக்கு என்றுமே பஞ்சமில்லை" என்றார். கடைசி மாட்டை விற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

போட்டோ எடுத்தார்கள். மறுநாள் கன்னம் வடிந்தது. விஷயத்தை வெளியே விடக்கூடாது என்று வீரராகவன் தன் தலைமேல் மகளின் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பாரிவாக்கத்து வீட்டில் அந்தப் போட்டோ சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்கியது. அதற்குக் கீழே ஒட்டிய கன்னத்தோடு ஒருத்தி கூடம் பெருக்கினாள். கல்யாணக் களைப்பு என்றார்கள், பிறகு புது இடம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்கள்.

அவள் கணவன் லோகநாதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிட்டர். காலையில் கிளம்பும்போது அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் தலை சீவுவான். கண்ணாடி பக்கத்துச் சுவரில் இருந்தது. அவன் படத்தைப் பார்த்துத்தான் சீவினான். தன் முகமே தனக்குச் சக்களத்தியாக வந்து வாய்த்த கதையை நாகவல்லி யாரிடம் போய்ச் சொல்வாள்?

வீக்கம் அங்கேயும் வந்தது. வந்த நாளெல்லாம் அவள், "தூரம்" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டு மூலையில் போய் முக்காடு போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். விலக்கானவளை யாரும் கிட்டே வந்து பார்க்க மாட்டார்கள். சோற்றுத் தட்டு தள்ளி வைக்கப்படும். நல்ல மறைவிடம்தான். ஆனால் ஒரே மாதத்தில் எத்தனை தடவை தூரமாவாள் ஒருத்தி என்று வேம்புலியம்மாள் யோசித்துப் பார்த்தாள். ஆள் மாறாட்டத்தோடு கர்ப்பப்பைக் கோளாறும் சேர்ந்துகொண்டது. டிரங்குப் பெட்டி வெளியே வந்தது.

இன்றைக்குப் பேசித் தீர்க்க வருகிறார்கள். கூட்டிக்கொண்டு போவார்களா, அறுத்துவிட்டுப் போவார்களா என்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

*

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நாகவல்லி கடவாய்ப் பக்கம் புறங்கையால் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். உள்ளே எறும்பு ஊர்ந்தது.

"இன்னாடி, கன்னத்தத் தேய்ச்சுக்கினே கீற?" என்றாள் எல்லம்மா.

"வருதும்மா."

எல்லம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னிக்கா? இந்தப் பாழாப் போனதுக்கு நாளு கெழம தெரியாதா? இரு, கம்பளி எட்தாறேன்." கம்பளியால் அழுத்தித் தேய்த்தால் காணாக்கடி அமுங்கும் என்பது அவள் நம்பிக்கை. தேய்த்துத் தேய்த்து மகளின் தோல் சிவந்ததுதான் மிச்சம்.

"வாணாம்மா. வரட்டும்."

கம்பளியோடு வந்தவள் நின்றாள். "புத்தி கித்தி பெசகிப் போச்சா ஒனக்கு?"

"அந்தப் போட்டோல கீறது நான்தான்னு வேற எப்டிம்மா காட்டுவேன்? வாயால சொன்னா நம்புவாங்களா? வந்தாத்தானே காட்ட முடியும்."

"ஒங்க நைனாவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துகீறியே."

"சொல்லக்கூடாதுன்னுதான் சத்தியம். அதுவா வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

இத்தனை வருஷமாகப் போ போ என்று துரத்திய ஒன்றை நாகவல்லி முதல் தடவையாக வா என்று கூப்பிட்டாள். கை வெங்காயத்தை நறுக்கியது. மனசு கன்னத்திலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும். இரண்டு பக்கமும் சமமாக ஏறட்டும். கட்டியவர் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, அட, இத்தனை நாளும் நீயேதானா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.

*

ஆவடியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். வேம்புலியம்மாள், லோகநாதன், அவனுடைய தாய்மாமன் சண்முகசுந்தரம். சண்முகசுந்தரம் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிக்கு முன்னால் நடந்து போய் நடந்து போய்ச் சட்டம் முழுவதும் தன் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது அவர் கட்சி.

வீரராகவன் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"பாரிவாக்கம் வாழ் சம்பந்திப் பெருமக்களே" என்று ஆரம்பித்தார். பெருமக்கள் மூன்று பேரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். "இந்த இனிய காலை வேளையிலே..."

"ஒக்காந்து பேசுங்க சம்பந்தி, கழுத்து நோவுது" என்றாள் வேம்புலியம்மாள்.

சண்முகசுந்தரம் துணிப்பையிலிருந்து சட்டம் போட்ட போட்டோவை எடுத்து ஒரு நாற்காலியில் நிறுத்திவைத்தார். "இது எக்ஸிபிட் ஒண்ணு. இதுல கீற பொண்ணு எங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அதே பெண்தான் ஐயா. தங்கள் இல்லத்திலே உரிய உணவு கிடைக்காமல், அந்த மலர் முகம் வாடி, வதங்கி..."

"இன்னா சொன்னே?" வேம்புலியம்மாள் நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். "சோறு போடாதவங்களா நாங்க? எங்க ஊட்ல கோழி கூட நெல்லுச் சோறு துன்னுது. ஒம் பொண்ணு பாதி நாளு மூலையில குந்திக்கினு இருந்தா, நான் போய் ஊட்டியா வுடுவேன்?"

லோகநாதன் உள்கதவைப் பார்ப்பதும் போட்டோவைப் பார்ப்பதுமாக இருந்தான். கதவிடுக்கில் நின்ற நாகவல்லிக்கு அது தெரிந்தது. அவன் கழுத்துப் பட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது. துவைக்க ஆளில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

காபி கேட்டு உள்ளே வந்த வீரராகவன் மகளைப் பார்த்ததும் மேடைத் தமிழை வாசற்படியிலேயே விட்டுவிட்டார்.

"ஐயையோ, இன்னாடி இது? இன்னிக்கின்னு பாத்தா?"

கன்னம் இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. போட்டோவில் இருந்தது போலவே, ஒரு மாற்றுக் குறையாமல்.

"நைனா, இப்பக் கூட்டிகினு போய்க் காட்டு. ஒரு வார்த்த சொல்லு. எல்லாம் சரியாப்பூடும்."

"இன்னான்னு சொல்றது? எம் பொண்ணுக்கு வியாதி, தெரிஞ்சேதான் கட்டிக் குடுத்தேன்னா? அடுத்த மாசம் மன்றத்து ஆண்டு விழா கீது. எவன் எனக்கு மால போடுவான்?" அவர் எல்லம்மாவிடம் திரும்பினார். "காப்பிய நீ எட்துகினு வா. இவ தல வெளிய தெரியக்கூடாது."

அவர் போனதும் எல்லம்மா தட்டைக் கையில் எடுத்தாள். மகளைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, தட்டை அவளிடம் நீட்டினாள்.

*

பெண் பார்க்க வந்த அன்றும் இதே தட்டு, இதே டம்ளர்கள்தான். அன்று தலை குனிந்து வந்தாள். இன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வேம்புலியம்மாள் மெதுவாக எழுந்தாள். கிட்டே வந்தாள். இரண்டு விரலால் அந்தக் கன்னத்தைப் பிடித்தாள்.

"இவதான். லோகநாதா, இதோ பார்றா. நாம பாத்தது இவளைத்தான்." அவள் குரலில் ஜெயித்த சந்தோஷத்தோடு கூட, தொலைந்த பொருள் கிடைத்த சந்தோஷமும் இருந்தது. "எம் மருமவள உள்ள ஒளிச்சு வெச்சிக்கினு வேற ஒருத்தியத் தள்ளி வுட்டாங்க பாரு. இன்னாமா அக்கா தங்கச்சி ஜாடை ஒத்துப்போவுது."

"நான் சொல்லல? ஆள் மாறாட்டம்" என்றார் சண்முகசுந்தரம். "செக்‌ஷன் இருக்குது இதுக்கு."

நாகவல்லி தட்டோடு சத்தியத்தையும் கீழே வைத்துவிட்டு, ரவிக்கைக்குள் இருந்த தாலியை வெளியே இழுத்தாள்.

"வேற யாரும் இல்ல அத்தை. நான்தான். இந்தப் பவழம் நீங்க ஒங்க கையால கோத்தது. ஒண்ணு ஒடஞ்சு போச்சுன்னு மூணாம் நாளு மாத்திக் கோத்தீங்களே. பாருங்க."

வேம்புலியம்மாள் பார்த்தாள். பவழத்தையும் பார்த்தாள், கன்னத்தையும் பார்த்தாள். விரலை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

"அப்ப இது இன்னாது?"

"வீக்கம் அத்தை. வரும், போவும். நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கி வந்திருந்திச்சி. நாளைக்கு இருக்காது. நான் மூலையில ஒக்காந்தனே, அதுவும் தூரமில்ல. இதுக்காவத்தான். ஒடம்புல வேற ஒரு கொறையும்..."

சொல்ல வந்ததை முடிக்க முடியவில்லை. போட்டோவோடு நின்றுகொள்ள வீக்கத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது கன்னத்தைத் தாண்டி மேலுதட்டுக்கு வந்துவிட்டிருந்தது. பேசப் பேச உதடு தடித்தது. 'இல்லை' என்ற சொல் 'இவ்வை' என்று வெளியே வந்தது. இடது கண் இமை கனத்துச் சரிந்தது. கூடத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படத்தில் இருந்தவள் கரைந்து வேறு யாரோ ஆகிக்கொண்டிருந்தாள்.

வேம்புலியம்மாளின் விரல் கன்னத்தை விட்டு விலகியது. அந்த விரல்களை அவள் முந்தானையில் துடைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது. ஒரு தரம் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். நாகவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமியார் வாயிலிருந்து அதுவரை வந்த எந்தச் சொல்லும் அந்தத் துடைப்பைப் போல உள்ளே இறங்கியதில்லை.

"பெருவியாதிக்கு இப்டித்தான் மொதல்ல மூஞ்சி தடிக்கும்னு சொல்லுவாங்க" என்றாள் வேம்புலியம்மாள், யாருக்கோ சொல்வது போல. "சம்பந்தி, நீயே சொல்லு. இன்னாது இது?"

எல்லாரும் வீரராகவனைப் பார்த்தார்கள். நாகவல்லியும் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ஆமாம், பல வருஷமாக இருக்கிறது, ஒட்டுகிற நோய் இல்லை, நான்தான் மறைத்தேன். இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டு விழாவில் வரவேற்புரை மட்டும் இதைப் போல் இருபது மடங்கு.

வீரராகவன் துண்டைச் சரிசெய்தார்.

"குளவி" என்றார்.

"இன்னா?"

"இன்று காலை கொல்லைப்புறத்திலே குளவி ஒன்று கொட்டிவிட்டது. அதன் விளைவாக ஏற்பட்ட..."

"அப்ப அன்னிக்கும் குளவியா?" என்றாள் வேம்புலியம்மாள். "பொண்ணு பாக்க வரச் சொல்லோ எல்லாம் குளவி கொட்டுமா ஒங்க ஊட்ல? பொண்ணு ஒண்ணு சொல்லுது, அப்பன் ஒண்ணு சொல்றான். இதுல எத நான் நம்பறது? பொண்ணு சொல்றதயாவது நம்பலாம்னு பாத்தேன். எழுந்திருடா லோகநாதா."

"கேஸ் டிஸ்மிஸ்" என்றார் சண்முகசுந்தரம். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

*

தாயும் மாமனும் வாசலில் இறங்கிவிட்டார்கள். லோகநாதன் மட்டும் கூடத்து நடுவில் நின்றான். பிறகு நாகவல்லியிடம் வந்தான். அவள் முந்தானையால் முகத்தை மூடப் போனாள்.

"மூடாத" என்றான். சற்று நேரம் பார்த்தான். "வலிக்குதா?"

இதற்கு முன் இதை யாரும் கேட்டதில்லை. டாக்டர் வீக்கம் எங்கே என்று கேட்டார். அம்மா எப்போது வடியும் என்று கேட்டாள். நைனா யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். வலிக்கிறதா என்று கேட்டவன் இவன்தான். அவன் கேட்ட நேரத்தில் பதில் சொல்ல உதடு கூடி வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு ஆமாம் என்றும் ஆட்டினாள்.

"அந்த மூலையில, இந்த மூஞ்சியோடவா ஒக்காந்துக்கினு இருந்தே?"

தலையை ஆட்டினாள்.

"தட்டு நான்தானே கொணாந்து வெப்பேன், பல நாளு. ஒரு தபா திரும்பியிருக்கலாமே நீ."

நீங்க ஒரு தபா பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன் என்ற பதில் அவளுக்குள் முழுசாக, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. உதடு அதை வெளியே விடவில்லை. வந்தது ஏதோ ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"லோகநாதா, ரயிலு போயிடும்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

நாகவல்லி உள்ளே திரும்பி நடந்தாள். அவன் போவதைப் பார்க்க அவளால் முடியாது.

*

வெயில் தாழ்ந்தபோது வீரராகவன் துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மன்றத்து நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். நாகவல்லி அவர் எதிரில் போய் நின்றாள். உதடு ஓரளவு வழிக்கு வந்திருந்தது.

"ஏன் நைனா அப்டி சொன்ன?"

அவர் மேடையைத் தேடினார். கிடைக்கவில்லை.

"கொளவின்னா நம்புவாங்கன்னு நெனச்சேன்மா" என்றார். சொந்தக் குரலில் அவர் பேசி எத்தனையோ காலமாயிற்று. அந்தக் குரல் மெலிந்து, பழைய வீரராகவனாக, ஏர் பிடித்த வீரராகவனாக இருந்தது. அது காலையில் வந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவரை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தாள்.

எதிர் நாற்காலியில் போட்டோவின் சட்டம் சாய்ந்து கிடந்தது. மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து எடுத்தாள். பின்பலகை கழன்றிருந்தது. கண்ணாடியும் மரச்சட்டமும்தான் இருந்தன. உள்ளே படம் இல்லை.

"அவருதான் உருவிகினு போனாரு" என்றாள் எல்லம்மா, அடுப்படி வாசலில் நின்றபடி. "நீ உள்ள போன பொறவு. அவங்கம்மா கூப்ட்டுக்கினே கீறாங்க, இவரு நின்னு நெதானமா ஆணியப் புடுங்கினாரு. சட்டைக்குள்ள வெச்சிக்கினாரு."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

நாகவல்லி வெறும் கண்ணாடியை வைத்துக்கொண்டு நின்றாள். சாயங்கால வெளிச்சத்தில் அதில் ஒரு முகம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கன்னம் வடியத் தொடங்கியிருந்தது. மற்றது இன்னும் பிடிவாதமாக நின்றது.

எல்லம்மா மகளின் தோளைத் தொட்டாள். "படத்த எட்துகினு போனவரு திரும்ப வருவாருடி. மனசு இல்லாமயா எட்துகினு போனாரு?"

"வரட்டும்மா" என்றாள் நாகவல்லி. "வந்தா எந்த மூஞ்சியோட நான் வாசலுக்குப் போவேன், அதச் சொல்லு."